கொழுந்திலும் மூளையிலும் ஒரே அமிலம்

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் நிழலில் தேயிலைச் செடிகள் நிற்கின்றன. மேலே பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்க, மண்ணுக்குக் கீழே வேறொரு வேலை நடக்கிறது. மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரஜனைக் கொண்டு வேர் முதலில் குளூட்டமிக் அமிலத்தைச் செய்கிறது. அதனோடு எத்திலமின் என்ற சின்ன மூலக்கூற்றை ஒட்டினால் தியனின் கிடைக்கிறது. தியனின் தண்டு வழியே ஏறி இளங்கொழுந்தில் சேர்கிறது. வெயில் ஓங்கி அடித்தால் அதில் ஒரு பங்கு கேட்டச்சின்களாக மாறித் துவர்ப்பு கூடும். நிழலும் குளிரும் இருந்தால் தியனின் அப்படியே தங்கி, தேநீருக்கு ஒரு மெல்லிய, நாக்கில் நிற்கிற சுவையைத் தரும். 1949-ல் ஜப்பானில் கியோட்டோவில் யாஜிரோ சகாட்டோ தியனினைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்.

தியனினுக்கும் குளூட்டமேட்டுக்கும் (உடலுக்குள் குளூட்டமிக் அமிலம் இருக்கும் வடிவம்) உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தியனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைந்துவிடும். குளூட்டமேட்டுக்காக நரம்பணுக்களில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் போய் உட்காரவும் பார்க்கும். ஆனால் அதன் பிடி மிகப் பலவீனமானது. ஆய்வுகளில் 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்க்கிறார்கள். நம் கோப்பையில் இருப்பது இருபது மில்லிகிராம் அளவுதான். அதனால் தேநீர் குடித்தால் மூளை வேதியியல் சீராகும் என்று யாராவது சொன்னால், தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னதை மறந்துவிடலாம்.

தேயிலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் அந்தக் குளூட்டமேட்தான். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றை 'கிளம்பு' என்று தூண்டும் இடங்களில் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் வேதிப்பொருள் அது. 'பொறு' என்று அடக்கும் வேலையைச் செய்வது காபா. இந்த இரண்டும் எதிரிகள் அல்ல, ஒரே குடும்பம். குளூட்டமேட்டிலிருந்து ஒரு நொதி ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டால் அது காபா ஆகிவிடுகிறது. பி6 வைட்டமினின் துணையோடு நடக்கும் ஒரே ஒரு படி அது. ஜப்பானியர்கள் 1980-களில் பறித்த தேயிலையை ஆக்சிஜன் இல்லாமல் நைட்ரஜன் வாயுவில் சில மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். இலைக்குள் இருந்த குளூட்டமிக் அமிலம் காபாவாக மாறியிருந்தது. 'கபரோன்' என்று பெயர் வைத்து விற்கவும் செய்தார்கள். தூண்டும் பொருளிலிருந்தே அடக்கும் பொருளைச் செய்யும் இந்தச் சிக்கனம் செடிக்கும் நமக்கும் பொதுவானது.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். 'குளூட்டமேட் என்றால் அஜினோமோட்டோ தானே? அதைத் தின்றதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்ததா?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. 1908-ல் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து கண்டெடுத்ததும் குளூட்டமேட்தான், தக்காளியில் இருப்பதும் அதுதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பைச் சாப்பாட்டுக் குளூட்டமேட் அநேகமாகத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஃபிரைட் ரைஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

தூண்டல், அடக்கல் கதைக்குத் திரும்புவோம். 2003-ல் ஜான் ரூபன்ஸ்டைன், மைக்கேல் மெர்செனிக் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஆட்டிசத்தின் சில வகைகளிலாவது தூண்டலுக்கும் அடக்கலுக்கும் இடையிலான விகிதம் மாறியிருக்கலாம் என்றார்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போவதையும், ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு வலிப்பு வருவதையும் இந்த ஒரே கருத்து விளக்கியது. அழகான கருத்துதான். ஆனால் அழகான கருத்துகளுக்கு ஒரு ஆபத்து உண்டு. 'விகிதம் மாறியிருக்கிறது' என்பதை ஜனங்கள் 'ஏதோ ஒன்று குறைவு, அதை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்' என்று கேட்டுக்கொண்டார்கள். டாக்டர்களில் சிலரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

உயிரோடு இருக்கும் பெரியவர்களின் மூளையைப் பார்த்தபோது விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. கேரலைன் ராபர்ட்சன், நான்சி கான்விஷர் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இது. வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு வேறொரு படம் காட்டுகிறார்கள். மூளை இரண்டையும் கலந்து பார்ப்பதில்லை. சில நொடிகள் ஒரு படம் மட்டும் தெரியும், பிறகு அது மங்கி மற்றது எழும், மறுபடி முதலாவது வரும். ஒன்று தெரியும்போது இன்னொன்றை அடக்கிவைக்க வேண்டும். அடக்குவது காபாவின் வேலை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் மெதுவாக நடந்தது. அடக்கமும் முழுமையாக இல்லாமல், இரண்டும் கலந்த படம் அதிக நேரம் தெரிந்தது. சரி, அவர்களுக்குக் காபா குறைவு என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோப்பி வழியாகப் பார்வைப் புறணியில் காபாவை அளந்தார்கள். அளவில் வித்தியாசமே இல்லை. மற்றவர்களிடம் காபா கூடக்கூட அடக்கமும் கூடியது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு அறுந்திருந்தது. சரக்கு இருக்கிறது, அது வேலை செய்யும் விதம்தான் வேறு.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மூளை வேதியியல் என்றவுடன் நம் கண் வேதிப்பொருளின் அளவைத் தேடிப் போகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்தது யேல் பல்கலைக்கழகத்து ஆய்வு. ஜேம்ஸ் மக்பார்ட்லண்ட், டேவிட் மட்டஸ்கி முதலானோர் 2025-ல் அமெரிக்க மனநல இதழில் அதை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள 16 பெரியவர்கள், இல்லாத 16 பெரியவர்கள். எம்-குளூ 5 என்ற ஏற்பியில் மட்டும் போய் ஒட்டும் ஒரு மூலக்கூற்றில் கதிரியக்க ஃப்ளோரினைக் கோத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். அந்த ஃப்ளோரினில் பாதி 110 நிமிடங்களில் சிதைந்துவிடும். அதற்குள் பெட் ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, மூளையின் எந்தப் பகுதியில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இந்த ஏற்பி பரவலாகவே குறைவாக இருந்தது. அவர்களுக்கு இ.இ.ஜி.யும் எடுத்தார்கள். ஏற்பியின் அளவும் மின்னலைகளின் ஒரு குறிப்பிட்ட தன்மையும் ஒன்றோடொன்று பொருந்தின. இது சின்ன விஷயம் இல்லை. பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கப் பொருள் செய்யும் வசதி வேண்டும், பெரும்பாலான மாவட்டத் தலைநகர்களில் அது நடக்காது. இ.இ.ஜி. கருவி சாதாரண நரம்பியல் மருத்துவரின் கிளினிக்கிலேயே இருக்கிறது.

எம்-குளூ 5 வேகமான ஏற்பி இல்லை. குளூட்டமேட் வந்ததும் உடனே கதவைத் திறந்து மின்னோட்டத்தை விடும் ஏற்பிகள் வேறு. இது அணுவுக்குள் நிதானமாக ஒரு தொடர்வினையைக் கிளப்பிவிடும். எந்த நரம்புச் சந்திப்பு வலுக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மெலிய வேண்டும் என்று சொல்வதைத் தோட்டத்துக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து வெட்டுகிறார்கள். ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் கிளைகளை வெட்டிவிட்டால் செடி மொட்டையாக, செத்தது போல நிற்கும். வெட்டாமல் விட்டாலோ அது மரமாகிப் போகும். உயிர் நன்றாகத்தான் இருக்கும், கிள்ளுவதற்குக் கொழுந்து கைக்கு எட்டாது. மூளையிலும் குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் நரம்புச் சந்திப்புகள் முளைக்கின்றன. பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பகுதி கழிக்கப்படுகிறது. 2014-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சல்சர் குழுவினர், இறந்துபோன 2 முதல் 20 வயது வரையிலானவர்களின் மூளைத் திசுக்களைப் பார்த்தார்கள். சந்திப்புகள் அமையும் சிறு முட்களின் அடர்த்தி மற்றவர்களிடம் குழந்தைப் பருவத்திலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தது. வெட்டு சரியாக விழவில்லை. அதனால் ஒரு சத்தம் கேட்டால் போதும், பல கிளைகள் ஒரே நேரத்தில் துடிக்கின்றன என்று கொள்ளலாம்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. சந்திப்புகளை மெலியவைக்கும் ஏற்பி குறைவு, ஆகவே சந்திப்புகள் மிச்சம். ஆனால் யேல் ஆய்வாளர்களே அந்த முடிச்சைப் போடவில்லை. ஏற்பி குறைந்ததால் ஆட்டிசம் வந்ததா, அல்லது இருபது முப்பது வருஷம் ஆட்டிசத்தோடு வாழ்ந்ததால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டதா? பெரியவர்களை ஒரே ஒருமுறை படமெடுத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கலந்துகொண்டவர்கள் எல்லோரும் சராசரி அல்லது அதற்கு மேற்பட்ட அறிவுத்திறன் கொண்டவர்கள். பேச்சே வராதவர்களுக்கு இது பொருந்துமா என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

காரணம் என்று ஒன்றை எப்போது அடித்துச் சொல்லலாம்? அதற்கு ஓர் உதாரணம் குன்னூரிலேயே இருக்கிறது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரில், சிவப்புக் கட்டடத்தில் 1907-லிருந்து இயங்கிவரும் பாஸ்டர் நிலையம். நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் பயந்தார்களே, இங்கே தயாரான அந்த மருந்து ஆட்டு மூளையில் வளர்த்தது. ரேபிஸ் கிருமி ஏறிய ஆட்டு மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று கொடுத்தார்கள். லட்சக்கணக்கான உயிர்களை அது காப்பாற்றியது. கூடவே, சில ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கை கால் விழுந்துபோனது. ஊசிக்குப் பின் குறிப்பிட்ட நாட்களில் நோய் வந்தது. ஊசியில் மூளைத் திசு இருந்தது. 1987-ல் தாய்லாந்து நோயாளிகளிடம் செய்த ஆய்வு, உடலின் எதிர்ப்பாற்றல் மயலின் அடிப்படைப் புரதம் என்ற நரம்புறைப் பொருளுக்கு எதிராகத் திரும்புகிறது என்று காட்டியது. மூளைத் திசு இல்லாத தடுப்பூசிகள் வந்தன, பழையதை இந்தியா 2005-க்குள் கைவிட்டது, அந்த வாதமும் ஒழிந்தது. பொருள், காலம், வழிமுறை, நிறுத்தினால் நிற்பது என்று நான்கும் கையில் இருக்கின்றன.

இதோடு 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு கோத்துவிட்ட கட்டுரை அது. பன்னிரண்டு குழந்தைகள், திரிக்கப்பட்ட தகவல்கள். 2010-ல் லான்செட் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பின்தொடர்ந்தும் அந்தத் தொடர்பு கிடைக்கவே இல்லை. தடுப்பூசி உண்மையிலேயே தீங்கு செய்தபோது அறிவியல் அதை மறைக்காமல் கண்டுபிடித்துச் சொன்னது என்பதற்குக் குன்னூர் சாட்சி. அதே அறிவியல் ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று சொல்லும்போது மட்டும் நம்பமாட்டேன் என்றால் எப்படி?

செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-ல் ஷெய்ன், ஃபிரீட்மன் இருவரும் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் ரத்தத்தில் செரட்டோனின் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். பிற்பாடு நடந்த ஆய்வுகளிலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அப்படி இருந்தது. கூடுதலா, குறைத்துவிடலாம் என்று 1980-களில் ஃபென்ஃப்ளூரமின் கொடுத்தார்கள். முதலில் மூன்று குழந்தைகளிடம் நம்பிக்கை தந்தது. பெரிய ஆய்வுகளில் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் மருந்தே சந்தையிலிருந்து போனது. ரத்தத்தில் கூடுதல் என்றால் மூளையிலும் கூடுதலாகத்தான் இருக்க வேண்டுமா? உடலின் செரட்டோனினில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருப்பது குடல் பக்கம். 2010-ல் ஜப்பானில் ஹமமாட்சு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 20 இளைஞர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தபோது, செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதம் மூளை முழுக்கக் குறைவாக இருந்தது. இங்கேயும் வித்தியாசம் தெரிந்தது கையாளும் பக்கத்தில்தான்.

வாசோபிரசின் ஏற்பியை அடைக்கும் பலோவாப்டன் என்ற மருந்தை ரோஷ் நிறுவனம் பெரியவர்களிடம் சோதித்தது. மூன்றாம் கட்டச் சோதனை பலன் தராது என்று தெரிந்து 2020-ல் நிறுத்தப்பட்டது. மூக்கில் அடிக்கும் ஆக்ஸிடோசின் ஸ்பிரேயை 290 குழந்தைகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள், மருந்தில்லாத வெறும் ஸ்பிரேக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் ஆட்டிசத்தின் பெயரால் அனுமதி பெற்ற ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் எரிச்சலையும் ஆத்திரத்தையும் குறைப்பதற்கானவை. ஆட்டிசத்தின் மையக்கூறுகளுக்கு இன்று மருந்து கிடையாது. ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு நல்ல மருந்துகள் உண்டு. அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது என்பது தனி விஷயம். 'நியூரோ பேலன்ஸ்' என்று பெயர் போட்ட பவுடர், முடியை வெட்டி அனுப்பினால் மூளை வேதியியலைச் சொல்லும் டெஸ்ட், எல்லாம் பெற்றோரின் தவிப்பை வைத்து நடக்கும் வியாபாரம்.

சரி, இதெல்லாம் இந்த மலையில் வாழும் ஒருவருக்கு என்ன அர்த்தம்?

1943-ல் லியோ கேனர் முதல் குழந்தையாக விவரித்த டொனால்ட் டிரிப்லெட் பிறகு கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலை பார்த்து, கோல்ஃப் ஆடி, 2023-ல் 89 வயதில் இறந்தார். ஆட்டிசம் குழந்தைகளின் விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த எண்பது வருஷத்தில் பெரும்பகுதியை அவர் பெரியவராகத்தான் வாழ்ந்தார். நம் நாட்டில் 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016-ன் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக இடம் பிடித்தது. இன்று ஊட்டியிலோ கூடலூரிலோ நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் பள்ளிக்குப் போன காலத்தில் அந்தப் பெயர் வாத்தியாருக்கும் தெரியாது, டாக்டர்களில் பலருக்கும் தெரியாது. 'ஒரு மாதிரி ஆளு' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த நோயறிதல்.

அப்படிப்பட்டவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறார் என்று வையுங்கள். சி.டி.சி. உருளைகள் ஒன்றோடொன்று எதிரெதிரே சுழன்று இலையை நொறுக்கும் இரைச்சல், அடுப்பிலிருந்து வரும் அனல், மூக்கில் ஏறும் தூள், மினுக் மினுக்கென்று டியூப் லைட். நமக்கு அரை மணியில் பழகிவிடும். பழகுவது என்றாலே மூளை அதை அடக்கிவிட்டது என்று அர்த்தம். அடக்கும் வழி வேறு மாதிரி அமைந்த மூளைக்கு எட்டு மணி நேரமும் அது முதல் நிமிடம்தான். அவர் மத்தியானம் கத்திவிட்டு வெளியே போனால் 'திமிர்' என்பார்கள். அதே ஆளை வாட்டும் தொட்டி இருக்கும் மேல்மாடிக்கு மாற்றினாலோ, நாற்றங்காலில் பை நிரப்பும் வேலைக்கு விட்டாலோ வருஷக்கணக்கில் ஒரு நாள் லீவு போடாமல் வரக்கூடும். இதற்குப் பெட் ஸ்கேன் தேவையில்லை. (உடனே 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நாக்கு நுட்பம், டீ டேஸ்டர் ஆக்கிவிடலாம்' என்று கிளம்பாதீர்கள். மேதை என்று தூக்கிவைப்பதும் கிறுக்கு என்று தள்ளிவைப்பதும் ஆளைப் பார்க்காமல் பேசுவதுதான்.)

நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிட 2009 முதல் 'ஐசா' என்ற அளவுகோல் இருக்கிறது, செகந்திராபாத்தில் உள்ள ஒரு தேசிய நிறுவனத்தில் உருவானது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண், மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். பெரியவர்களை மதிப்பிடும்போது அவர்களுடைய சின்ன வயதைப் பற்றிச் சொல்ல யாராவது கூட இருக்க வேண்டும். அம்மா, பெரியம்மா, மூத்த அக்கா, லைன் வீட்டில் அடுத்த வாசலில் வளர்ந்தவர்கள் என யாரானாலும் சரி. இவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது என்பதால் தள்ளிப்போடாமல் போவது நல்லது.

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், டானிக்குக்கு ஒதுக்கிய காசில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சென்னைப் பக்கம் உறவினர் இருந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக ஊனமுற்றோர் நிறுவனமும் உண்டு. பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு மனுக் கொடுங்கள். அந்த அட்டை இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கேட்கலாம். அரசு வேலைக்கான நாலு சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கான ஒரு சதவீதத்தில் போட்டியிடலாம். அட்டை வாங்க வயது உச்சவரம்பு எதுவும் கிடையாது.